நாள்பட்ட வலிக்கு 26 கேள்விகள்: உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாத்தாள்

மூன்று மாதங்களைக் கடந்தும் விலகாத வலியோடு வாழ்பவரிடம், "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால், அவர் எப்படி வாழ்கிறார் என்பது தெரிய வராது. அதைத் தெரிந்துகொள்ளப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட டபிள்யூஹெச்ஓக்யூஓஎல்-பிரெஃப் (WHOQOL-BREF) வினாத்தாள். பல நாடுகளிலுள்ள 15 மையங்கள் சேர்ந்து உருவாக்கிய 100 கேள்விகள் கொண்ட வினாத்தாளின் சுருக்கம் இது. அம்மையங்களுள் சென்னையும் ஒன்று.

உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனி மதிப்பெண் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களை மனத்தில் கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணவசதி, போக்குவரத்து, மருத்துவ வசதி ஆகியவற்றையும் கேட்பதுதான் இதன் பெரிய பலம். ஏனெனில், முதுகுவலிக்காரருக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போக வேண்டியிருப்பது மாத்திரையின் அளவைவிடப் பெரிய சிக்கலாக இருக்கக்கூடும்.

குறைகள் உடல் பிரிவில்தான் அதிகம். செய்ய வேண்டியவற்றைச் செய்யவிடாமல் வலி எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. மாடிப்படி ஏறுவதையும், கோயிலுக்கு நடந்து செல்வதையும், பேரக்குழந்தையைத் தூக்குவதையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்ட ஒருவருக்கு, செய்ய வேண்டியவை என்று எஞ்சியிருப்பதே கொஞ்சம் என்பதால், "பெரிதாகத் தடையில்லை" என்று அவர் உண்மையாகவே விடை தரக்கூடும். வாழ்க்கை சுருங்கிப்போனதை மதிப்பெண் முன்னேற்றமாகக் காட்டிவிடும். அன்றாட வாழ்க்கைக்கு எந்த அளவு மருத்துவ சிகிச்சை தேவைப்படுகிறது என்று கேட்கும் நான்காவது கேள்வியிலும், தேவை கூடக் கூட மதிப்பெண் குறைகிறது. தினமும் மருந்து எடுத்துக்கொண்டு தடையின்றி வேலைக்குப் போகிறவரை இப்படிக் கணக்கிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சமூக உறவுப் பிரிவில் மூன்றே கேள்விகள்; அவற்றுள் ஒன்று பாலுறவு பற்றியது. மகனோ மருமகளோ பக்கத்தில் அமர்ந்து படித்துக் காட்டினால் அதற்கு விடை எப்படி வரும் என்று சொல்லவே வேண்டியதில்லை. வினாத்தாளைத் தனியறையில் நிரப்பச் செய்வது நல்லது.

நேரம் குறைவாக உள்ள புறநோயாளிப் பிரிவுக்கு இது நீளம். அங்கே 2009-இல் வெளியான பெக் (PEG) என்ற வலி அளவுகோல் போதும்: ஒரு வாரத்தின் சராசரி வலி, வாழ்க்கையை அனுபவிப்பதில் இடையூறு, பொதுவான செயல்பாட்டில் இடையூறு என மூன்றே கேள்விகள்தான். ஆனால், அதில் பேருந்தும் இல்லை, பணமும் இல்லை.

ஆகவே, சிகிச்சையின் தொடக்கத்திலும் சில மாதங்கள் கழித்தும் 26 கேள்விகளையும், இடைப்பட்ட சந்திப்புகளில் பெக்கையும் பயன்படுத்தலாம் என்பது என் பரிந்துரை. வலியால் கைவிட்ட வேலைகள் எவை என்று முதல் நாளே கேட்டு, வினாத்தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும். அடுத்த முறை மதிப்பெண் உயர்ந்திருந்தால், முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.