கிரிகரி பெக்கா, ஜாக் லெமனா?

நியூயார்க் அலுவலக வாழ்க்கையைக் காட்டும் இரண்டு ஹாலிவுட் படங்கள். 1956இல் வந்த 'தி மேன் இன் த கிரே ஃப்ளானல் சூட்'டில் கிரிகரி பெக், முதலாளிக்கு வலதுகையாகும் வாய்ப்பைத் தள்ளிவிட்டு மனைவி மக்களோடு இருக்க முடிவெடுக்கிறார். கம்பெனியை வளர்த்துக் குடும்பத்தைத் தொலைத்த முதலாளியே அவருக்குப் பாடம். நல்ல படம்தான், நீளம் கொஞ்சம் அதிகம்.

பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மெண்ட்' (1960) இன்னும் ஆழமாகத் தைக்கிறது. பதவி உயர்வுக்காக ஜாக் லெமன் மேலதிகாரிகளின் கள்ள உறவுக்குத் தன் வீட்டுச் சாவியையே கொடுக்கிறார். அவர்கள் உள்ளே இருக்க, இவர் பூங்கா பெஞ்சில் குளிரில் கிடந்து சளி பிடித்து வருகிறார். கடைசியில் பெரிய அதிகாரி மறுபடி சாவி கேட்கும்போது, இவர் கொடுப்பது பதவி உயர்வோடு வந்த, அதிகாரிகளுக்கான கழிவறைச் சாவி! அதோடு வேலையையும் உதறிவிடுகிறார். பெக்குக்கு வேலை மிஞ்சுகிறது, லெமனுக்கு அதுவும் இல்லை. அதனால் என் ஓட்டு லெமனுக்கே.