ஹெர்மிஸா, பிரிட்டிஷ் சார்ஜெண்டா? மூழ்கிய கப்பலில் டைவ் அடிக்க மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குக் கீழே நின்று கலசத்தை அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய 52 மீட்டர். மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கிடக்கிற தரைக்கு மேலே நிற்கும் தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் அதிகம், 53 மீட்டர். டைவிங்கில் இரண்டாம் கட்டப் பயிற்சி முடித்ததற்கான அட்வான்ஸ்டு கார்டு கைக்கு வந்த அதே மாதம் "அண்ணே, நேரா ஹெர்மிஸ் போயிரலாமா?" என்று கேட்கிற தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு கப்பல்களும் ஒரே நாளில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கியவை. ஹெர்மிஸ் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். வேறு கப்பலை மாற்றியமைக்காமல், விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான். அன்று அதில் முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிரிட்டிஷ் சார்ஜெண்ட் எண்ணெய்க் கப்பல், பாசிக்குடா பக்கம் சுமார் 24 மீட்டரில் கிடக்கிறது. பெயர் என்று பார்த்தால் ஹெர்மிஸ் பக்கத்தில் சார்ஜெண்ட் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் போக வேண்டியது சார்ஜெண்டுக்குத்தான்.

காற்றுக் கணக்கைப் பாருங்கள். 12 லிட்டர் டேங்கில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2400 லிட்டர் காற்று. ஆழம் கூடக் கூட தண்ணீரின் அழுத்தம் கூடும், ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்று போகும். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள், 24 மீட்டரில் 68 லிட்டர் இழுப்பார். டேங்க் 35 நிமிடம் வரும். 53 மீட்டரில் அதே ஆளுக்கு 126 லிட்டர், 19 நிமிடத்தில் டேங்க் காலி. இது ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் போட்ட கணக்கு, இறங்குகிற, ஏறுகிற நேரத்தையும் அதற்குள்தான் பார்க்க வேண்டும். 24 மீட்டரில் கிட்டத்தட்ட அரைமணி நேரம் சுற்றிவிட்டு நேராக மேலே வரலாம். 53-ல் சில நிமிடம் தாண்டினாலே, உடம்பில் கரைந்த நைட்ரஜனை வழியில் நின்று நின்று வெளியேற்றாமல் ஏற முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம், ஆழத்தில் போதை மாதிரி வருகிற மயக்கம். பயிற்சியில் ஒரு முறை 40 மீட்டரில் பிரஷர் கேஜைப் பார்த்தேன், 110. கையை இறக்கினேன். எவ்வளவு என்று மறந்துவிட்டது. திரும்பப் பார்த்தேன், முள் தெரிகிறது, எண் தெரிகிறது, அது எனக்கு போதுமா போதாதா என்று மட்டும் புரியவில்லை, பயமும் வரவில்லை, அந்தப் பயம் வராததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அழுத்தத்தில் நைட்ரஜன் செய்கிற வேலை அது. அதனால்தான் ஹெர்மிஸுக்குப் போகிறவர்கள் நைட்ரஜனைக் குறைத்து ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் என்ற வாயுக் கலவையை எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண டைவர்களுக்கான எல்லையே 40 மீட்டர். நம் அட்வான்ஸ்டு கார்டுக்கு 30. ஹெர்மிஸின் மேல் பக்கமே அந்த நாற்பதுக்குக் கீழேதான் தொடங்குகிறது.

பாலியில் துலாம்பென் கரையோரம் கிடக்கும் லிபர்ட்டியும் நல்ல கப்பல்தான். 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளப்பட்டது, கூழாங்கல் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். ஆனால் செலவு வேறு. மதுரைக்காரர்களுக்கு கொழும்பு ஒரு மணி நேர விமானம், அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தரைவழி, போய் இறங்கினால் படகுக்காரரிடம் தமிழிலேயே நீரோட்டம் எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம். கடலுக்குள் இறங்கும் முன் ஒவ்வொரு வார்த்தையும் புரிவது எவ்வளவு நிம்மதி என்று போனால் தெரியும்.

அப்புறம், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். தூத்துக்குடியில் காலையில் டைவ் அடித்துவிட்டு சாயங்காலம் கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதேதான், 2000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைகிறது, உடம்பு அதை விமானம் என்றே எடுத்துக்கொள்ளும்.

எனக்கு டிரைமிக்ஸ் பயிற்சி இன்னும் பாதியில் இருக்கிறது, ஹெர்மிஸ் அது முடிந்த பிறகு. சார்ஜெண்டுக்கு வருகிறவர்கள் இப்போதே சொல்லுங்கள். கிழக்குக் கரை ஏப்ரலிலிருந்து அமைதியாகிவிடும், அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம் கிளம்பலாம்.