ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா, ஜிக்ஜாக்கே போதுமா?

கேரள-தமிழக எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் தையல் தைக்கிற வீட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் துணி வரும். ஓணம் நெருங்கினால் கசவுத் துணி, தீபாவளி நெருங்கினால் திருப்பூரில் கிலோ கணக்கில் வாங்கிய பனியன் கட்பீஸ். கசவுத் துணியை வெட்டிய உடனே பிசிறு விடும், ஜரிகை இழை தனியாக உருவிக்கொண்டு வந்துவிடும். பனியன் துணி அப்படிப் பிரியாது, ஆனால் அதில் சாதாரண நேர்த்தையல் போட்டால் குழந்தைக்குத் தலை வழியாக மாட்டி இழுக்கும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும். துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே பிசிறு விடாமல் நூலால் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் வீட்டில் எந்தத் துணி அதிகம்?

ப்ளவுஸும் பாவாடையும்தான் அதிகம் என்றால், கையிலிருக்கிற மெஷினில் இடமும் வலமுமாக மாறி மாறி விழும் ஜிக்ஜாக் தையல் இருந்தாலே போதும். அகலம் 4, நீளம் 2 வைத்து, ஊசி வலது பக்கம் வரும்போது துணியின் ஓரத்தைத் தாண்டி வெளியே விழுகிற மாதிரி ஓட்டுங்கள். மெல்லிய துணியில் ஓரம் சுருண்டு குழாய் மாதிரி ஆகும். அதற்கு ஓரம் அடிக்கும் பாதம் என்று தனியாகக் கிடைக்கிறது, அதன் நடுவில் ஒரு சின்னக் கம்பி துணியைச் சுருள விடாமல் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைவு, அது உண்மைதான். ஆனால் ப்ளவுஸில் பக்கவாட்டில் பின்னால் பிரித்து விடுவதற்குத் துணி விடுகிறோம் இல்லையா, அதை ஜிக்ஜாக் தொடாது. ஓவர்லாக்கில் கத்தி இருக்கிறது, கவனிக்காவிட்டால் அந்தத் துணியை அப்படியே வெட்டித் தள்ளிவிடும்.

கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்து வாங்கிய காலத்தில் எனக்கு நேர்ந்ததும் அதுதான். அக்காவின் பட்டு ப்ளவுஸில் ஒன்றரை அங்குலம் விட்டிருந்தேன், திரும்பி வந்தபோது கால் அங்குலம்தான் மிச்சம். அடிக்கிறவருக்கு அது எதற்கு விட்டது என்று எப்படித் தெரியும், நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு துணியையும் சேர்த்து அடிக்காமல், இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தனியாக அடித்து வாங்கினேன். மாதம் இரண்டு மூன்று உருப்படி தைப்பவருக்கு இந்த வழி செலவு குறைந்தது, நல்லதும்கூட. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் பாதி வேலையில் எழுந்து கடைக்கு நடக்க வேண்டும்.

அடுத்தது, பழைய தையல் மேசையிலேயே பொருத்தி மிதித்து ஓட்டுகிற இரும்பு மூன்று நூல் ஓவர்லாக். ஒரு ஊசி, அதன் நூலோடு தங்கள் நூலைப் பின்னிக்கொடுக்கும் இரண்டு லூப்பர் கொக்கிகள், அவ்வளவுதான். கரண்ட் போனாலும் ஓடும், ஏதாவது பழுதென்றால் பொள்ளாச்சியில் பார்த்துவிடுவார்கள். எண்ணெய் விட்ட அன்று முதலில் கழிவுத் துணியில் நாலு அடி ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளைக் கசவில் கறை. இதில் ஓரம் மட்டும்தான் அடிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நூலை நம்பி நைட்டியின் பக்கவாட்டை இணைத்தால் இழுக்கிற இடத்தில் வாய் பிளக்கும், நேர்த்தையல் போட்டுவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். நான் ஓட்டிய மெஷினில் துணியை நகர்த்தும் பற்கள் ஒரே வரிசை, அதனால் பனியன் துணி அலை அலையாக நெளிந்தது.

வீட்டுக்கென்று வருகிற நான்கு நூல் ஓவர்லாக்கில் அந்த நெளிவுக்கு வழி இருக்கிறது. பற்கள் முன்னும் பின்னும் இரண்டு தொகுதி. முன்னது வேகமாக நகர்ந்தால் துணி இழுபடாமல் உள்ளே வரும். அந்த வேகத்தை மாற்ற ஒரு திருகு இருக்கிறது, பனியனுக்கு அதை 1.5-க்கு மேல் வைக்கிறேன், பருத்திக்கு 1, ஜார்ஜெட் சுருங்கினால் 0.7. இரண்டு ஊசி இருப்பதால் இணைப்பது, வெட்டுவது, ஓரம் அடிப்பது மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிகிறது. குழந்தை பனியன் தைக்கிறவர்களுக்கு இதற்கு மாற்றே இல்லை என்பேன். விலை 20,000 ரூபாயைத் தாண்டும், பொத்தான் துளை, ஜிப் எதுவும் இதில் வராது, பழைய மெஷினை விற்றுவிடாதீர்கள்.

எல்லோரும் பயப்படுவது நூல் கோர்ப்பதற்குத்தான். நானும் பயந்தேன், ஒரு வாரம் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். பயம் போனது நான்கு கலர் நூலால். மேல் லூப்பருக்குச் சிவப்பு, கீழ் லூப்பருக்குப் பச்சை, வலது ஊசிக்கு மஞ்சள், இடது ஊசிக்கு நீலம். லூப்பர் இரண்டும் முதலில், ஊசிகள் கடைசியில். கீழ் லூப்பர் நூல் நடுவில் அறுந்தால் ஊசி நூல்களையும் உருவிவிட்டு மறுபடி வரிசையாக வர வேண்டும், இல்லையென்றால் போட்ட வேகத்தில் மறுபடி அறும். கோர்க்கும்போது பாதம் தூக்கியே இருக்கட்டும், அப்போதுதான் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் இறங்கும்.

அப்புறம் பழைய நைட்டித் துணியில் ஓட்டிப் பாருங்கள். சிவப்பு மேலே, பச்சை கீழே, இரண்டும் சரியாக ஓரத்தில் சந்திக்க வேண்டும். சிவப்பு அடிப்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல் லூப்பர் தளர்வு. அடியில் நீலம் கண்ணி கண்ணியாகத் தெரிந்தால் இடது ஊசி தளர்வு. ஒரு நேரத்தில் ஒரு நூலின் டென்ஷன் திருகை மட்டும் அரை எண் நகர்த்துங்கள். சரியாக வந்த துண்டில் நான்கு எண்ணையும் பேனாவில் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன், பனியனுக்கு ஒன்று, கசவுக்கு ஒன்று. குண்டூசியை மட்டும் கத்தி பக்கம் கொண்டுபோக வேண்டாம், ஒரு ஊசி பட்டாலே கத்தி முனை போய்விடும், நான் துணிக் கிளிப்தான் போடுகிறேன். பின்தையல் கிடையாது என்பதால் முடிவில் தொங்கும் சங்கிலி நூலைக் கண் பெரிய ஊசியில் கோர்த்துத் தையலுக்குள்ளேயே செருகிவிட வேண்டும்.

என் கணக்கு இதுதான்: ப்ளவுஸ்காரர்களுக்கு ஜிக்ஜாக், கூலிக்கு நைட்டி, சுடிதார் என்று ஓரம் மட்டும் நிறைய அடிப்பவர்களுக்கு இரும்பு மூன்று நூல், பனியன் துணி தைக்கிற வீட்டுக்கு நான்கு நூல். வாங்கப் போகும்போது பனியன் துண்டும் பருத்தித் துண்டும் பையில் எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டிய பிறகு நூல் நான்கையும் உருவச் சொல்லி, நீங்களே உட்கார்ந்து கோர்த்து, இரண்டு துண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.