லப்டொப் ஸ்லோ என்றவுடன் ‘மதர்போட் போச்சு’ என்றால் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்

ஏ9 வீதியோரக் கடையொன்றில் திருத்தக் கொடுத்து ஏமாந்த லப்டொப் ஒன்று கிளிநொச்சியில் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளையுடையது. ஓன் பண்ணி டெஸ்க்டொப் வர 20 நிமிடம் எடுக்கிறது என்று கொண்டுபோயிருக்கிறார்கள். ‘மதர்போட் அடிபட்டுப் போச்சு, 38,000 முடியும்’ என்று சொல்லிக் காசை வாங்கியிருக்கிறார்கள். பில் இல்லை. இரண்டு மாதத்தில் பழையபடி ஸ்லோ.

அடிமூடியைக் கழற்றிப் பார்த்தோம். மதர்போட் என்பது எல்லாப் பாகங்களும் பொருந்தும் பிரதான பலகை. அதில் ஈயம் பிடித்த தடயம் ஒன்றுகூட இல்லை. ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்று போட்டிருக்கிறார்கள். அதுவும் பாவித்தது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘பவர் ஒன் ஹவர்ஸ்’ (ஓடிய மணித்தியாலம்) 11,000ஐத் தாண்டி நிற்கிறது. ஒரு வருடத்துக்கே 8,760 மணித்தியாலம்தான். லப்டொப் வாங்கிய நேரத்துப் பில்லில் ராம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்) 8 ஜிபி, இப்போது உள்ளே இருப்பது 4 ஜிபி. பழைய ஹாட் டிஸ்க்கும் திரும்பி வரவில்லை.

முதலில் வேகமாக ஓடியது எஸ்எஸ்டியால். பிறகு குரோமும் சூம் வகுப்பும் சேர 4 ஜிபி நிரம்பிவிடும். இடம் போதாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி வாசிக்கும். தேய்ந்த எஸ்எஸ்டி அதற்கு ஈடுகொடுக்காது.

மதர்போட் பழுது பெரும்பாலும் ஓன் ஆகாமலோ திரையில் ஒன்றும் வராமலோதான் தெரியும். ஸ்லோ என்றால் முதல் சந்தேகம் டிஸ்க்கில்தான். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, வாசிக்கும் வேகம் மட்டும் செக்கனுக்கு 1 எம்பிக்குக் கீழேயே கிடந்தால் டிஸ்க் சாகிறதோ என்று சந்தேகப்படுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவசம். ஹாட் டிஸ்க் என்றால் அதில் 05, சி5, சி6 வரிகளின் (பழுதான, பழுதாகும் சந்தேகமுள்ள செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகளின் கணக்கு) கடைசி எண் சுழியமாக இருக்க வேண்டும். சி5 கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே கோப்புகளை வெளி டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். ‘செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுவம், போமட் அடிப்பம்’ என்றால் விடாதீர்கள். போமட் அடித்துப் பழுதான செக்டர் திருந்தாது. செக்டிஸ்க் முழு டிஸ்க்கையும் தேய்த்து, மிச்சமிருப்பதையும் கொண்டுபோய்விடலாம்.

டிஸ்க் நல்லது, ஆனால் சிபியூ வேகம் 0.4 – 0.8 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஏறுதில்லை என்றால் அது வேறு கதை. சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் வந்தால் குற்றம் பெரும்பாலும் சார்ஜரில். டெல் போன்ற சில வகைகள் டூப்ளிகேட் சார்ஜரை இனங்காணாமல் வேகத்தைக் குறைத்துவிடும். பற்றரியிலும் வேகம் வராவிட்டால் பெரும்பாலும் வெக்கை. எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி ஃபானுக்கும் செப்புச் சிறகுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டுபோல் படிந்து காற்றை அடைக்கும். துப்பரவாக்கி, சிபியூவின் சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் என்ற பசையை மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. இதற்கும் ‘போட் சேர்விஸ்’ என்று காசு கறக்கிறார்கள்.

கொடுக்க முன்னர் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தையும், டாஸ்க் மனேஜரில் ராம் அளவையும் போனில் படம் எடுங்கள். வாங்கும்போது கடையில் நின்றே திரும்பப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. மாற்றிய சாமான் எல்லாவற்றையும் கையில் கேளுங்கள், ஹாட் டிஸ்க்கைக் கட்டாயம். ஸ்லோவான டிஸ்க்கில் இருந்தும் கோப்புகளை எடுக்கலாம். வன்னியில் எத்தனையோ வீட்டில் காணி உறுதி ஸ்கானும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படமும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெண் பிள்ளைகளின் படங்கள் யாரோ ஒருவரின் லாச்சியில் கிடக்கவும் விடக்கூடாது.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. அதில் என்ன பாகம், புதிதா பாவித்ததா, சீரியல் இலக்கம், உத்தரவாதக் காலம் நான்கும் எழுதுவியுங்கள். மறுத்தால் லப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் படங்களையும் பில்லையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் அறிவித்து, முறைப்பாட்டை எழுத்திலும் தாமதியாமல் கொடுங்கள்.