48,500 ரூபாய்க்கு பெயின்ட் அடித்த பழைய ஷொக்: ஓன்லைனில் கார் சாமான் வாங்குகிறவர்கள் கவனம்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். 48,500 ரூபாய் போய்விட்டது. காரின் முன்பக்கத்துக்கு ஷொக் அப்சோபர் (பள்ளம் திட்டியில் குலுக்கத்தை அடக்குகிற சாமான்) ஒரு சோடி, "ஜப்பான் ஒரிஜினல், பெட்டி உடைக்காத புதுச்சாமான்" என்று சொல்லி விற்றார்கள். வந்தது யாரோ கழற்றி எறிந்த பழைய ஷொக். துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, பளபளக்கிற பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நேற்றோடு என்னை வட்ஸ்அப்பிலும் ப்ளொக் பண்ணியாயிற்று. ஆத்திரம் ஆறுவதற்கு முன்னே எழுதிவிடுகிறேன், இன்னொருவர் காசு போகக் கூடாது.

பேர் போடவில்லை. மச்சான் ஒருவர் சட்டம் படித்தவர், "முறைப்பாடு போகும்வரை பேர் போடாதே" என்கிறார். போட்டும் பெரிய பிரயோசனம் இல்லை, இவர்கள் நினைத்த நேரம் பேர் மாற்றுகிறவர்கள். பழசு புதுசு எல்லாம் விற்கிற ஒரு விளம்பரத் தளம். அதில், கொழும்பில் கடை இருப்பதாகச் சொல்கிற ஒரு உதிரிப்பாகக்காரர். இவ்வளவு போதும்.

என்னுடையது 1998 டொயோட்டா கொரோலா. "110" மொடல் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார் வைத்திருக்கிற நாங்கள் எல்லோரும் அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறோம். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள்தான், ஆனால் வரியும் சேர்ந்து வருகிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிறதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லை. திருகோணமலையில் கடற்காற்று வேறு. உவர்மலையில் வாசலில் நிற்கிற காருக்குக் கீழே உப்புத் தின்னாத போல்ட் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கொஞ்ச நாளாக நிலாவெளி வீதியில் ஒவ்வொரு வேகத்தடை தாண்டும்போதும் முன்பக்கம் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. பொனட் மூலையைக் கையால் அமத்தி விட்டால் ஒருதரம் எழும்பி நின்றுவிட வேண்டும். என்னுடையது நின்றபாடில்லை. இடது ஷொக்கில் எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. லோவர் ஆம் புஷ் (சில்லைக் கீழே பிடிக்கிற இரும்புக் கையின் ரப்பர்) இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. புஷ், ஷொக் மவுண்ட், லிங்க் எல்லாம் டவுனில், கண்ணால் பார்த்துக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கினேன். அதில் எந்தக் குறையும் இல்லை. ஷொக் மட்டும் கையிருப்பில் இல்லை, கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அதனால்தான் ஓன்லைன்.

விலை அதிமலிவாக இருந்தால் நானே விலகியிருப்பேன். மற்றவர்கள் சொன்ன விலையை விடக் கொஞ்சம்தான் குறைவு. போன் எடுத்த தம்பி நல்ல தமிழில், மிகவும் மரியாதையாகக் கதைத்தான். "திருகோணமலையா அண்ணா? என்ர மாமியாக்கள் தம்பலகாமம்தான்" என்றான். (மாமியும் இல்லை, தம்பலகாமமும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.) நான் ஓடர் சொல்லப் போக, அவனே நிறுத்தினான்.

"பொறுங்கோ அண்ணா. முதல்ல சேஸி நம்பரை அனுப்புங்கோ. 110 எண்டாலும் உள்ளுக்குள்ள கன வித்தியாசம் இருக்கு. பிழையான சாமான் வந்தா உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் அலைச்சல்."

இரவு நேரம். டோர்ச் அடித்துக்கொண்டு வெளியே போய், பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டைச் சாரத்து நுனியால் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இடதுக்கு ஒரு பார்ட் நம்பர், வலதுக்கு ஒரு பார்ட் நம்பர் என்று தனித்தனியாக அடித்து அனுப்பினான். "முன்பக்கம் இடது வலது வேற வேற அண்ணா, பிரேக் ஹோஸ் பிடிக்கிற இடத்தைப் பாத்துப் பூட்டுங்கோ" என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் வேறு. சொன்னது எல்லாம் சரி. சேஸி நம்பர் கேட்டுச் சாமான் எடுக்கிறவன் தொழில் தெரிந்தவன் என்றுதான் எந்தக் கராஜ்காரரும் சொல்வார். தொழில் தெரிந்தவன்தான். எந்தத் தொழில் என்பதில்தான் வித்தியாசம். வாங்குகிறவன் எதைக் கேட்டால் நம்புவான் என்று படித்து வைத்திருக்கிறார்கள்.

சாமான் வந்த பிறகு காசு தருகிறேன் என்றதற்கு, இந்தப் பெறுமதிக்கு கூரியர்காரர் பொறுப்பு எடுப்பதில்லை, வங்கியில் போட்டுவிடுங்கள், ஆறு மாத வரண்டி பில்லில் எழுதித் தருகிறேன் என்றான். 48,500 ரூபாயும் போட்டேன். சொன்ன நாளில் பெட்டி வந்தது. பில்லும் வந்தது, அதில் சீலும் இருந்தது, "6 மாதம்" என்று பேனையால் எழுதியும் இருந்தது.

இந்த வேலை நான் வீட்டில்தான் செய்வேன், புதிது இல்லை. ஸ்பிரிங் கம்பிரசரை (ஷொக்கைச் சுற்றி இருக்கிற ஸ்பிரிங்கை அமத்திப் பிடிக்கிற கருவி) அநுராதபுரச் சந்திப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற நண்பரிடம் இரவல் வாங்கினேன். அது இல்லாமல் ஷொக்கின் நடு நட்டில் யாரும் கை வைக்க வேண்டாம், அமத்தி வைத்த ஸ்பிரிங் பறந்தால் ஆளைக் கொல்லும். முதல் நாளே போல்ட் எல்லாவற்றுக்கும் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டும், நக்கிளை (சில்லு பூட்டுகிற இரும்பு) ஷொக்கோடு பிடிக்கிற பெரிய போல்ட் இரண்டும் அசையவில்லை. ஸ்பானர் சாவியில் நீளக் குழாய் மாட்டித்தான் கழற்றினோம். லோவர் ஆமை அலவாங்கு போட்டு நெம்பி எடுத்தோம். மருமகன் உதவிக்கு நின்றான், வெயிலில் இரண்டு பேரும் கருகிப் போனோம்.

ஸ்பிரிங்கை ஏற்றுவதற்கு முன் புது ஷொக்கை நிமிர்த்தி வைத்து ரொட்டை (உள்ளே போய் வெளியே வருகிற இரும்புத் தண்டு) கையால் அமத்தினேன். காஸ் நிரப்பிய ஷொக் என்றால் ரொட்டை உள்ளே தள்ளிக் கையை எடுத்ததும் தானாக மெல்ல மேலே வரும். இடதுபக்கத்தது வந்தது, பாதி வழியில் நின்றது. வலதுபக்கத்தது உள்ளேயே இருந்துவிட்டது. அப்போதே போன் எடுத்தேன். கார் சில்லு இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது.

"அது பிரச்சினையே இல்லை அண்ணா. கூரியர்ல படுத்தபடி வந்ததால காற்று ஏறியிருக்கும். நிமித்தி வச்சு நாலஞ்சு தரம் பம்ப் பண்ணிட்டுப் பூட்டுங்கோ. ஓட ஓடச் சரியாகிடும். பிரச்சினை எண்டா நான் இருக்கிறன்தானே."

படுத்துக் கிடந்த ஷொக்கைப் பூட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பம்ப் பண்ணுவது உண்மையிலேயே செய்கிற வேலைதான். உண்மைக்குள் பொய்யைச் சுருட்டித் தருகிறார்கள். பம்ப் பண்ணினேன், பூட்டினேன். லோவர் ஆம் போல்ட்டைக் காரைத் தரையில் இறக்கிப் பாரம் வந்த பிறகுதான் முழுதாக இறுக்கினேன். தூக்கியபடி இறுக்கினால் புது புஷ்ஷும் முறுகிக் கெதியாகக் கிழிந்துவிடும். மறுநாள் வீல் அலைன்மென்ட்டும் செய்தேன்.

சீனக்குடாப் பக்கம் போய்வருவதற்குள் வலதுபக்கம் டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தால் ஷொக் முழுக்க எண்ணெய். அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போகிற கார் இது.

திரும்பவும் எல்லாம் கழற்றினேன். இந்தமுறை துணியில் தின்னர் நனைத்து ஷொக்கைத் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது. புதுச்சாமானில் பெயின்ட் அப்படிக் கரையாது. லேபிளைச் சுரண்டினால் கீழே துருப் பிடித்துக் குழி விழுந்த இரும்பு, அதன் மேல்தான் பெயின்ட். அடிப்பக்கத்தில், பூட்டினால் கண்ணுக்குத் தெரியாத உட்புறமாக, துளை போட்டு வெல்டிங் வைத்து அடைத்துக் கிரைண்டர் பிடித்த அடையாளம். அச்சடித்த பழைய நம்பரை அரத்தால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். ரொட்டில் குறட்டால் கடித்த பல்லடையாளம், டஸ்ட் கவர் மூடுகிற இடத்தில். அந்தக் கீறல், எண்ணெயை அடைத்து வைக்கிற ரப்பர் வளையத்தை அரைத்ததும் எண்ணெய் வெளியே வந்துவிட்டது. காஸ் என்பது பேருக்குக் கூட இல்லை. எண்ணெய் மாற்றிய பழைய ஷொக் என்று சொல்லியே, அதற்கேற்ற விலைக்கு விற்கிற கடைகள் இருக்கின்றன, அது வேறு கதை. இது புதுப்பெட்டிக்குள் வந்த சுத்துமாத்து.

படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள்.

"எந்தக் கராஜ்ல பூட்டினீங்கோ அண்ணா?" வீட்டில் என்றேன். "அப்ப வரண்டி இல்லையே. கராஜ் பில் இருந்தாத்தான் வரண்டி." பூட்டுங்கோ என்று சொன்னது அவன். எப்படிப் பூட்டுவது என்று வொய்ஸ் மெசேஜ் போட்டதும் அவன். அதையே அவனுக்குத் திருப்பி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

பிறகு வேறு ஒருவர் போன் எடுத்தார். அந்தத் தம்பி லீவு, மெனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு மெனேஜர் ஊருக்குப் போய்விட்டார். பிறகு, "உங்கட செலவில கொழும்புக்கு அனுப்புங்கோ, செக் பண்ணிப் பார்ப்பம், எங்கட சாமான்தானோ எண்டும் பாக்கணும்." அனுப்பினால் கையில் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும், அனுப்பவில்லை. கடை முகவரி கேட்டேன், லொக்கேஷன் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. பில்லில் இருக்கிற சீலில் கடைப் பேரும் ஒரு கைபேசி நம்பரும்தான், வீதியும் இல்லை, இலக்கமும் இல்லை. காசு போட்ட கணக்கு கடைப் பேரில் இல்லை, தனி ஆளின் பேரில். வங்கி என்றும் முறைப்பாடு என்றும் எழுதியதும் புரொபைல் படம் மறைந்தது. அவ்வளவுதான், ப்ளொக்.

விளம்பரத் தளத்துக்கு எழுதினால் இரண்டு வரி: நாங்கள் விளம்பர ஊடகம் மட்டும்தான், கொடுக்கல் வாங்கல் உங்கள் இருவருக்கும் இடையிலானது, விளம்பரத்தை நீக்கியிருக்கிறோம். நீக்கினார்கள்தான். இன்று காலை தேடிப் பார்த்தால் வேறு பேரில், வேறு நம்பரில், அதே படம் இருக்கிறது. மூலை உடைந்த சிவப்பு டைல் தரையில் இரண்டு பெட்டி. அதே டைல், அதே உடைவு. விலை மட்டும் 49,000 ஆக்கியிருக்கிறார்கள்!

48,500 ரூபாய் எனக்குச் சின்னக் காசு இல்லை. அதோடு இரண்டாம் தரம் அலைன்மென்ட், கூலி இல்லாத என் உழைப்பு, மருமகனின் உழைப்பு. இப்போது காரில் முதல் இருந்த என் பழைய ஷொக்கையே திரும்பப் பூட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு இருக்கிறேன்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ஷொக் வந்ததும் பூட்டாமல் முதலில் தின்னர் துணியால் ஓர் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். ரொட்டை முழுதாக வெளியே இழுத்து, நகத்தால் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். உள்ளே போன ரொட் வெளியே வராவிட்டால் யார் என்ன விளக்கம் சொன்னாலும் பூட்ட வேண்டாம்.

பெட்டி உடைப்பதை வீடியோ எடுங்கள். கடைப் பேரில் இல்லாத கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள். வீட்டில் பூட்டினாலும் வரண்டி உண்டா என்று முதலே எழுத்தில் கேளுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் அவசர இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்வதாக மச்சான் சொன்னார். நான் பில், வங்கி ரசீது, வொய்ஸ் மெசேஜ் எல்லாம் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.

மூலை உடைந்த சிவப்பு டைலில் ஷொக் பெட்டி வைத்த விளம்பரம் யார் கண்ணிலாவது பட்டால், ஓடர் பண்ண வேண்டாம். போன் நம்பரும் திகதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு உள்பெட்டியில் போடுங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இவர்களிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பேசாமல் இருக்காதீர்கள், உங்கள் பில்லையும் அனுப்புங்கள்.