உளிக்கும் தீட்டுக்கல்லுக்கும் கடைவீதியா, பார்சலா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பட்டறைக்கு உளி, இழைப்புளி, தீட்டுக்கல் இந்த மூன்றையும் நான் பார்சலில்தான் வரவழைத்தேன். நாளைக்கே மறுபடி தொடங்கினாலும் அப்படித்தான் செய்வேன். காரைக்குடியில் ஹார்டுவேர் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய சாமான் வேண்டுமென்றால் முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் பார்சல் என்பதுதான் விஷயம்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சில சாமான் அங்கே குறைவு, சில இங்கே குறைவு. தபால் செலவைச் சேர்த்தால் பெரும்பாலும் நேராகிவிடும். கனமான இரும்புக் கிளாம்ப் மாதிரியானவற்றைக் கடையில் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வருவதே லாபம். பார்சல் வந்து சேருவதிலும் இப்போது பெரிய சிரமமில்லை. கூரியர் எட்டிப் பார்க்காத ஊருக்கு ஸ்பீடு போஸ்ட் போகிறது.

முடிவைத் தீர்மானிப்பது கூர். நம் பக்கத்தில் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர் கைக்கு அதிகம் வருவது இடித்த வீட்டுத் தேக்கு. பழைய நிலை, கதவுச் சட்டம், உத்தரத் துண்டு, பாதிக்கு மேல் பர்மா மரம். பார்க்க வெண்ணெய் மாதிரி இழையும். ஆனால் தேக்குக்குள் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது. நுண்ணிய மணல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது உளியின் முனையை மெல்ல மெல்லத் தின்கிறது. போதாததற்கு, உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியும் ஓரத்தில் ஒட்டிய சுண்ணாம்பும். மிருதுவான பைன் மரத்தில் வேலை செய்கிறவரை விட நாம் தீட்டுக்கல்லுக்கு அடிக்கடி போயாக வேண்டும். ஆகவே, எந்த உளி வாங்குவது என்பதை விட, வாங்கிய உளியை எதை வைத்துத் தீட்டப்போகிறோம் என்பது பெரிய கேள்வி.

கடைவீதி கைவிரிப்பது இங்கேதான். எந்தக் கடையில் கேட்டாலும் இருபுறமும் சொரசொரப்பான கார்பரண்டம் கல் எடுத்துக் கொடுப்பார்கள். நிலைக்கால் செதுக்க அது போதும். ஆனால் ஒரு சின்னப் பெட்டிக்குக் கழுந்து (துளையில் செருகும் முனை) சீவும்போது, அந்தக் கல் விட்டுப்போகும் கீறல்கள் உளி முனையில் பல்பல்லாக நிற்கும். மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவாமல் பிய்த்துவிடும். அதற்கு 1000 எண் கல்லும் (எண் ஏற ஏறக் கல் நைசாக இருக்கும்), அதன் மேல் 6000 அளவில் ஒரு மெருகுக் கல்லும் வேண்டும். நான் விசாரித்த கடைக்காரர் சிரித்துவிட்டார்: "ஆறாயிரமா? அதெல்லாம் இங்க யாரு தம்பி கேக்குறா?" அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்காத சரக்கை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு அவர் என்ன செய்வார்? மதுரையும் திருச்சியும் ஆளுக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே நான் ஏறி இறங்கிய கடைகளிலும் தொழில் ஆசாரிகளுக்கான சரக்குதான் முன்னால் நின்றது.

சாணை பிடிக்கக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வேகமாகச் சுற்றும் கல்லில் முனை சூடாகி, இரும்பில் நீலம் பாய்ந்தால் கதை முடிந்தது. அந்த நிறம் வர ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு உளிக்கு அதற்கு வெகு முன்பே பதம் இறங்கத் தொடங்கிவிடும். அப்புறம் நீலம் படிந்த பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் பழைய கூர் நிற்கும். நிதானமாகத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்கிறவர் கிடைத்தால் கொடுங்கள். எல்லாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

தபாலில் வாங்கும்போது கல்லிலேயே தேர்வு செய்ய இடமிருக்கிறது. வைரத் தகடு குழி விழாது, ஊறவைக்க வேண்டாம், எடுத்தவுடன் தேய்க்கலாம். தண்ணீர்க் கல் அருமையாக மெருகேற்றும், ஆனால் நடுவில் குழிந்துகொண்டே போகும். அதைச் சமன் செய்யவே தனியாக ஒரு தகடு தேவை. நான் 400, 1000 எண்களில் வைரத் தகடும், கடைசி மெருகுக்குத் தண்ணீர்க் கல்லும் வைத்திருக்கிறேன். வைரத் தகடே குழிந்த கல்லையும் சமன் செய்துவிடுகிறது. இந்தச் சேர்க்கையை எந்தக் கடைப் பலகையிலும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

உளியின் எஃகையும் பார்சலில் சொல்லி வாங்கலாம். ஓ1 என்கிற எஃகு சுலபமாகக் கூரேறும். ஏ2 கூர் நீடிக்கும், தீட்ட நேரம் பிடிக்கும். செக் நாட்டு நாரெக்ஸ் உளிகள் இந்திய விற்பனையாளர்களிடமே கிடைக்கின்றன. முனையை 25 டிகிரியில் தேய்த்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் முடித்தால் தேக்குக்குச் சரியாக இருக்கிறது. கடைவீதி உளியும் மோசமென்று சொல்ல மாட்டேன். ஒரே பெயர் போட்ட உளி ஒரு தடவை நன்றாகவும் அடுத்த தடவை மெத்தென்றும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எது எத்தனை வருடம் உழைக்கும் என்று சத்தியம் செய்ய என் பட்டறைக்கு இன்னும் வயதாகவில்லை. நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அனுபவமும் எனக்கில்லை. சுங்கவரியும் ஐஜிஎஸ்டியும் மேலே ஏறும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

பார்சலின் பலவீனம் இழைப்புளியில் தெரியும். கடையில் என்றால் ஒரு மூலைமட்டத்தை அடிப்பாகத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். இடையே ஒளி கசிந்தால் வேறு கேட்கலாம். பார்சலில் வந்த பிறகுதான் தெரியும். அதோடு அதன் உடல் வார்ப்பிரும்பு, அடி தாங்காது. எனக்கு வந்தது கைப்பிடி விரிசல் விட்டு வந்தது. பெட்டியைப் பிரித்ததை வீடியோ எடுத்து வைத்திருந்ததால் மாற்றுக் கைப்பிடி அனுப்பினார்கள், ஆனால் நிறையக் கெஞ்ச வேண்டியிருந்தது.

ரம்பத்தில் மட்டும் உள்ளூர்தான் ஜெயிக்கிறது. தபாலில் ஆசையாக வாங்கும் ஜப்பானிய இழுவை ரம்பத்தின் பல் பெரும்பாலும் கடினப்படுத்தியது, அரம் பிடிக்காது. மழுங்கினால் புது அலகுக்கு மறுபடி பார்சல். சாதாரணக் கைரம்பத்தை முக்கோண அரம் போட்டுப் பல் சாய்த்துத் தர இன்னும் ஆசாரிகள் இருக்கிறார்கள்.

பழைய சாமான் கடையை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மர உடல் இழைப்புளிக்கு வரவேற்பறை அலங்காரப் பொருளின் விலை சொல்வார்கள். வாங்குவதானால் உளியைத் திருப்பித் தட்டையான முதுகைப் பாருங்கள். முனைக்கு அருகில் துரு குழிபறித்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் கூர் ஒரே கோடாக நிற்காது. மேல் துரு மட்டுமென்றால் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் உளியைக் கட்டி, நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டைப் போட்டு மின்சாரம் பாய்ச்சினால் இளகிவிடும். எவர்சில்வர் துண்டை மட்டும் போடாதீர்கள், விஷக் கழிவு வரும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இரும்பு அரிப்பை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1948 முதல் நம் ஊரிலேயே இருக்கும்போது இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

மின்கருவியைக் கடையிலேயே வாங்குங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். என்னிடம் இருப்பது டிரில்லும் சாண்டரும்தான், அதனால் இதைப் பெரிய தீர்ப்பாக எடுக்க வேண்டாம். தின்னர், லாக்கர் எல்லாம் தீப்பிடிக்கிற சரக்கு, தபாலில் அனுப்ப அனுமதியில்லை; அதுவும் கடைதான். தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, ஒட்டும் பசை போடுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் இணைப்பைத் துடைத்துவிடுங்கள்.

முதல் பார்சலில் உளி செட்டைப் பெரிதாகப் போட வேண்டாம். அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் போதும். மிச்சக் காசைக் கல்லில் போடுங்கள்.