ஹாலோபெரிடாலா, ஓலான்சபினா, அரிபிபிரசோலா?

தம்பி சாப்பிட உட்கார்ந்தால், கால் ஆட்டத்தில் மேசை அதிரும். இரண்டு வாய் சாப்பிடுவான், எழுந்து கூடத்தில் நடப்பான், திரும்பி வருவான். மனச்சிதைவு நோய் முற்றுகிறது என்று பயந்து, மருந்தைக் கூட்டச் சொல்லலாமா என்று கேட்டார் அம்மா. "உள்ள என்னமோ பிறாண்டுதுண்ணே, ஒரு இடத்துல நிக்க முடியல" என்றான் அவன். அது நோய் அல்ல, நோய்க்குச் சாப்பிட்ட ஹாலோபெரிடால் மருந்தின் வேலை. அகதீசியா என்பார்கள். டாக்டர் அளவைக் குறைத்த பிறகுதான் மேசை அடங்கியது. கூட்டியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

அன்றிலிருந்து இந்த மருந்துகளை நான் அவற்றின் பலத்தை வைத்து ஒப்பிடுவதில்லை. இந்த நோயில் காதில் கேட்கும் இல்லாத குரல்களையும், காரணமில்லாத சந்தேகத்தையும் அடக்குவதில், குளோசபினைத் தவிர, பெரும்பாலானவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் சிறியது. அவை உடம்பிடம் கேட்கும் விலைதான் வேறு வேறு.

மருந்தே வேண்டாம் என்பதையும் போட்டியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மனச்சிதைவு நோயில் ஓரளவு தேறியவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளை 2012-இல் லான்செட் இதழில் தொகுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு. வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 பேருக்கு. வித்தியாசம் பெரியது. ஆனாலும் மீதி 36 பேர் மருந்தில்லாமலே அந்த ஆண்டைத் தாண்டியிருக்கிறார்களே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அந்த 36-இல் தான் ஒருவனா என்பதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. நிறுத்திப் பார்ப்பதென்றாலும் டாக்டரோடு பேசி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

ஹாலோபெரிடால் 1958-இல் வந்த பழைய ஆள். குரல்களை நன்றாகவே அடக்கும். பதிலுக்கு உடம்பு விறைக்கலாம், கை நடுங்கலாம், முகம் உணர்ச்சியற்றுப் போகலாம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, அடைப்பதுதான் இந்த மருந்துகளின் பொதுவான வழி. சுமார் 80 சதவீதத்துக்கு மேல் அடைபட்டால் இந்தத் தொல்லைகள் கூடும். எனவே அளவு முக்கியம். நான் அதிகம் பயப்படுவது ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட பிறகு வரக்கூடிய வாய், நாக்கு அசைவுகளுக்குத்தான். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அவை போவதில்லை. புதிய மருந்துகளில் இந்த ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை.

ஓலான்சபினுக்கு மாறியதும் தம்பி தூங்கினான், சிரித்தான். ஆறு மாதத்தில் எடை ஏறி, பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் சுமார் 1,500 பேரை வைத்து நடந்து 2005-இல் வெளியான கேட்டி ஆய்விலும் இதே கதைதான். மற்ற மருந்துகளைவிட ஓலான்சபினில்தான் ஆட்கள் நீண்ட நாள் நிலைத்தார்கள். எடை அதிகம் ஏறியதும் அதில்தான், மாதத்துக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. கூடவே சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். மொத்தத்தில் அந்த ஆய்வில் 74 சதவீதம் பேர் 18 மாதத்துக்குள் முதலில் கொடுத்த மருந்தை விட்டுவிட்டார்கள். முதல் மருந்து ஒத்துவராமல் போவது யாருடைய தோல்வியும் இல்லை.

அரிபிபிரசோல் எடை விஷயத்தில் சாது. டோபமைனை முழுதாக அடைக்காமல் கொஞ்சம் திறந்துவிடும் ரகம். ஆனால் அந்தக் கால் ஆட்டம் இதிலும் வரலாம். ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மருந்து, புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றுவதால் மாதவிடாய் தடைபடலாம், தாம்பத்திய ஆசை குறையலாம். வெட்கத்தில் இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, மாத்திரையை மட்டும் ஓசைப்படாமல் குப்பையில் போடுகிறார்கள்.

இரண்டு மருந்துகள் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால்தான் குளோசபின். 1988-இல் வந்த ஆய்வில், எதற்கும் கேட்காதவர்களில் 30 சதவீதம் பேர் ஆறே வாரத்தில் இதற்குத் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசினில் தேறியது 4 சதவீதம். ஆனால் வெள்ளை அணுக்களை இது அபாயகரமாகக் குறைத்துவிடலாம். 1975-இல் பின்லாந்தில் அதனால் உயிர்கள் போனதால்தான் இதை ஒதுக்கி வைத்தார்கள், பிறகு ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். கடும் மலச்சிக்கலும் இதில் உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

தம்பி இப்போது குறைந்த அளவு ஓலான்சபினில் இருக்கிறான். அரிபிபிரசோலை முயன்றான், மேசை மறுபடி அதிர்ந்தது, திரும்பிவிட்டான். மாதம் ஒருமுறை எடை பார்க்கிறான். போன வாரம், "சிகரெட்ட விடப்போறேண்ணே" என்றான். சந்தோஷம்தான், ஆனாலும் முதலில் டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். சிகரெட் புகை ஓலான்சபினையும் குளோசபினையும் உடம்பிலிருந்து வேகமாகக் கரைக்கும். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும்.